கரீமுக்கு வாசித்த இரண்டாம் பாகம்

பள்ளிக்கூடத்துக்குத் தமிழ்ப் பாடப் புத்தகங்கள் தேர்ந்தெடுத்து வரும்படி பினாங்கிலிருந்து என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அந்த வேலை நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. திரும்பும் கப்பலுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அவற்றை என்ன செய்வது என்பதை நான் வரும்போதே முடிவு செய்திருந்தேன். செங்கல்பட்டுக்குப் போய்க் கரீமைப் பார்க்க வேண்டும்.

கரீம் பினாங்கில் ஒரு வாசனைச் சரக்குக் கிட்டங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். அவனும் நானும் இன்னும் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரு முடிதிருத்தும் கடையின் மாடியில் கூடுவோம். அந்த வாரம் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவதுதான் வேலை. கீழேயிருந்து தேநீர் வரும். சில சமயம் கடைக்காரரே கத்தரிக்கோலும் கையுமாக மேலே வந்து வாசல்படியில் நின்று கேட்டுவிட்டுப் போவார். எல்லோரும் பேசி முடிக்கும்வரை கரீம் வாய் திறக்க மாட்டான். கடைசியில், "இதுல நூறு பக்கம் அந்த ஆளுக்குத் தெரிஞ்சது. மீதி, நமக்குப் பிடிக்கும்னு அவன் நெனச்சது" என்பான். அதற்குப் பிறகு எங்களுக்குச் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது.

ஒரு வருடம் அவன் முதுகில் சில தேமல்கள் தோன்றின. அதன் பிறகு ஒரு நாள் சுருட்டு அவன் விரலைச் சுட்டது அவனுக்குத் தெரியவில்லை. டாக்டர் நோயின் பெயரைச் சொன்னதும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கப்பலேறினான். செங்கல்பட்டுப் பக்கத்துக் குஷ்டரோக ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டதாக எழுதினான். தொடர்ந்து சில கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் எழுத்துகள் முன்னதைவிடப் பெரிதாகிக்கொண்டே போயின. பிறகு கடிதங்கள் நின்றுவிட்டன.

அவனைப் பார்க்கப் போக எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த வருடம் ஒரு நாவலின் முதல் பாகம் எங்கள் மாடியையே இரண்டாகப் பிளந்திருந்தது. அதில் ஒரு கிராம முன்சீப் வருகிறார். விதவைத் தங்கையின் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். அதே தங்கைக்குக் காய்ச்சல் வந்தால் நாலு மைல் நடந்து போய் மருந்து வாங்கி வருகிறார். அவர் நல்லவரா, கெட்டவரா? ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குச் சண்டை வந்தது. "கரீமைக் கேட்டுக்கிட்டு வா" என்று சொல்லித்தான் என்னை அனுப்பி வைத்தார்கள். முதல் பாகத்தைப் பெட்டியில் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் பாகம் அப்போதுதான் வெளியாகியிருந்தது. அதைச் சென்னையில் வாங்கினேன். படிக்கவில்லை. கரீமோடு சேர்ந்து பிரிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

ரயில் செங்கல்பட்டுக்குள் நுழையும்போது ஒரு பக்கம் முழுக்க ஏரி. பினாங்கில் மத்தியானத்துக்கு மத்தியானம் மழை பார்த்த கண்ணுக்கு, இத்தனை வெயிலில் இவ்வளவு தண்ணீர் எப்படித் தங்கியிருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் ஓட்டலில் உட்கார்ந்தேன். "இன்னா சார், நாஸ்தாவா, வெறுங் காபியா?" என்று பரிமாறுகிறவர் கேட்டார். இட்லி சூடாக இருந்தது. சாம்பார் எங்கள் ஊரில் கிடைப்பதைவிட நீர்த்திருந்தாலும் மணமாக இருந்தது. காபியை மட்டும் ஆற்றி ஆற்றிப் பாதியை மேஜைக்கே கொடுத்துவிட்டார்.

கரீமின் அண்ணன் காதர் பாய் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். கரீமின் அதே நெற்றி, அதே மூக்கு. உடம்பு மட்டும் இரண்டு மடங்கு. என் பெயரைச் சொன்னதும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பினாங்கு வாத்தியாரா? தம்பி உங்களப் பத்தி நெறையச் சொல்லிக் கீறான்."

வெல்லம் வாங்க நின்றிருந்த ஒரு பெரியவர் உடனே திரும்பினார். "பினாங்கிலேர்ந்தா வர்றீங்க? நம்ம கரீமு எப்படிக் கீறாரு அங்க?"

எனக்குப் புரியவில்லை. காதர் பாயைப் பார்த்தேன். என் கையைப் பிடித்திருந்த அவருடைய கை இறுகியது. அவர் கண்ணைப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று.

"நல்லா இருக்கார்" என்றேன்.

"கண்ணாலம் கட்டிகினாரா?"

"இன்னும் இல்லை."

"எப்பப் பாத்தாலும் பொஸ்தகமும் கையுமா இருந்தா எவ கட்டுவா?" என்று பெரியவர் சிரித்தார். காதர் பாயும் சிரித்தார். நானும் சிரித்தேன். நாங்கள் சிரித்த அந்த இடத்திலிருந்து கரீம் படுத்திருந்த கட்டிலுக்கு ஒரு குதிரை வண்டி தூரம்தான்.

கடைக்குப் பின்னால் வீடு. மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் போட்டார்கள். காதர் பாய் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஊருல எல்லாருக்கும் அவன் இன்னும் பினாங்குலதான் கீறான். அப்படித்தான் சொல்லி வெச்சிக் கீறோம். ரெண்டு பொண்ணுங்க வூட்ல நிக்குது, வாத்தியாரே. தெரிஞ்சா ஒருத்தன் படி மிதிக்க மாட்டான்."

"நீங்க போய்ப் பார்ப்பீங்களா?"

"நோன்புப் பெருநாளைக்குப் போவேன். சோறு எடுத்துகினு போவேன்." சாத்திய கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "வண்டியில நாலு தெரு தள்ளித்தான் ஏறுவேன்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். குதிரை வண்டிக்காரர் வாசலுக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திக்கொண்டார். "இதுக்கு மேல குதிர போவாது சார்" என்றார். குதிரை போயிருக்கும். நான் மீதி தூரத்தை நடந்தேன்.

உள்ளே மரங்கள் நிறைய இருந்தன. சுண்ணாம்பு அடித்த நீளமான கட்டடங்கள். தோட்ட வேலை செய்துகொண்டிருந்த நோயாளிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். கரீம் எங்கே என்று கேட்டதற்கு ஒருவர் கை காட்டினார். அவன் ஒரு வேப்ப மரத்தடியில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். நான் எதிரில் போய் நின்றேன். அவன் என்னைத் தாண்டிப் பார்த்தான்.

"கரீம்" என்றேன்.

அவன் தலையைச் சாய்த்து, குரல் வந்த பக்கத்தைத் தேடினான். "வாத்தியாரே" என்றான். "இன்னா கையில? காகித வாசனை அடிக்குது. புதுசா?"

நான் கையில் வைத்திருந்த இரண்டாம் பாகத்தின் கட்டைப் பிரிக்கவில்லை. "புதுசுதான்" என்றேன். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கண் போய் இரண்டு வருடம் ஆகிறதாம். முதலில் செய்தித்தாள் எழுத்து மறைந்தது, அடுத்தது நாவல்கள், கடைசியில் குழந்தைகளுக்கான பெரிய எழுத்துப் புத்தகங்களை வரவழைத்து, கரடியும் நரியும் பேசுவதைக் கூட விடாமல் படித்தானாம். அதுவும் மறைந்தபோது, குருடர்கள் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில் ஒரு புத்தகத்தை ஒரு வெள்ளைக்கார நர்ஸ் அவனுக்காகத் தேடிக் கொண்டுவந்தாராம்.

"பாவம், எங்கேயோ எழுதிப் போட்டு வாங்கினாங்க. என் கைய எடுத்து அது மேல வெச்சாங்க. எனக்கு அது காகிதமா, சுவரான்னே தெரியல. விரல்ல உணர்ச்சி இருந்தா இல்ல? அந்தம்மா அழுதுட்டாங்க. நான்தான் சமாதானம் சொன்னேன்."

"வாசிச்சுக் காட்ட யாரும் இல்லையா?"

"பக்கத்துக் கட்டில்காரர் பேப்பர் வாசிப்பாரு. எள்ளு விலை, கடலைப் புண்ணாக்கு விலை. வேற எதுவும் அவருக்குப் பிடிக்காது."

அன்று முழுக்க வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அவனுக்கு முதல் பாகத்தை வாசித்தேன். முக்கியமான அத்தியாயங்களை வாசித்துக்கொண்டு, இடையில் உள்ளவற்றைக் கதையாகச் சொன்னேன். முன்சீப் மருந்து வாங்க நடந்து போகும் இடத்தில் அவன் என் முழங்காலைத் தட்டினான். "இன்னொரு தடவ." வாசித்தேன். "இன்னொரு தடவ." மூன்றாவது முறை வாசிக்கும்போது அவன் உதடுகளும் கூடவே அசைந்தன. எனக்கு எங்கள் மாடி ஞாபகத்துக்கு வந்தது. நடந்த சண்டையையெல்லாம் சொன்னேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நல்லவனா கெட்டவனான்னா அடிச்சிகினீங்க? அது தெரியாம எழுதியிருக்கான் பாரு, அதுதான் இதுல விசேஷம். அவனுக்கே தெரியல. தெரியலன்றத மறைக்காம எழுதியிருக்கான். ரெண்டாம் பாகம் இருக்கு இல்ல?"

"இருக்கு. நானும் பிரிக்கல."

"இங்க வேணாம். கடல்கரையில படிக்கலாம். பினாங்குல சாயங்காலம் கடல் ஓரமா படிப்போமே, அந்த மாதிரி. கடல் சத்தம் கேட்டு எத்தினி நாளாச்சு."

டாக்டரைப் பார்த்தேன். இளைஞர், களைத்துப் போயிருந்தார். இந்த நோய்க்கென்று வந்த வெள்ளை மாத்திரை வேலை செய்துவிட்டதாகவும், கரீமின் உடம்பில் இப்போது நோய் இல்லையென்றும், அவனால் யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னார். போன கண்ணும் மடங்கிய விரல்களும் திரும்பாது. "நியாயமா அவரை வீட்டுக்கு அனுப்பணும். வீடுதான் வேணும்" என்றார். ஒரு நாள் வெளியே அழைத்துப் போகச் சம்மதித்து, நோய் இல்லை என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த நாள் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினோம். கரீம் சட்டைக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்தி, கைகளை அதற்குள் வைத்துக்கொண்டான். ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தேன். பஸ் கிளம்பியதும் முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு வந்தான். வயல், பனை, மறுபடியும் வயல். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். "வர்ணனை போதும், கதைக்கு வா" என்று கேலி செய்தான்.

திருக்கழுக்குன்றம் வருவதற்குள் முன் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டபோது கரீமின் துண்டு நழுவியது. அம்மாள் குழந்தையை வாரிக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸே எழுந்தது.

கண்டக்டர் வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. "அண்ணாத்த, எறங்கிக்க. தப்பா நெனச்சுக்காத. இவங்க அல்லாரும் எறங்கிட்டா நான் வண்டிய எங்க ஓட்டினு போறது? பேஜாராப் பூடும்."

நான் சீட்டை எடுத்து நீட்டினேன். டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாவற்றையும் காட்டினேன். கண்டக்டர் அதைக் கையில் வாங்கவில்லை.

"விடு வாத்தியாரே" என்றான் கரீம். "எழுதினத எல்லாரும் படிச்சிடுவாங்களா இன்னா?" என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பஸ் போன பிறகு புழுதியில் நின்று, "எந்த ஊரு இது?" என்று கேட்டான். சொன்னேன். "கழுகு வந்து சாப்பிட்டுப் போற ஊரு. அதுக்கு எலை போடுவாங்க" என்றான். அவன் குரலில் கசப்பு இருந்ததா என்று கவனித்தேன். தெரியவில்லை.

சவுக்குக் கட்டைகளை இறக்கிவிட்டுக் கடற்கரைப் பக்கம் வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாட்டு வண்டிக்காரரிடம் கேட்டேன். அவர் கரீமை ஏற இறங்கப் பார்த்தார். "பின்னால குந்திக்கட்டும். வைக்கோல நான் அப்பறம் மாத்திக்கிறேன்" என்றார். கரீம் அதையும் கேட்டான். துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினான். வண்டி ஆடி ஆடி, உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் நின்ற கால்வாயைத் தாண்டி, உச்சி வெயிலில் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தது.

கல்லில் செதுக்கிய யானைகளையும் ரதங்களையும் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நான் அவற்றை நன்றாகப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். கடல் கோயிலுக்கு வடக்கே, மீனவக் குப்பத்தை அடுத்து ஒரு பாறையின் நிழல் இருந்தது. அங்கே கரீமை உட்கார வைத்தேன். அவன் செருப்பைக் கழற்றச் சொன்னான். பாதத்துக்கும் உணர்ச்சி இல்லை. மணல் சுட்டாலும் தெரியாது என்று நான் தயங்கினேன். "நிழல்தானே. கழட்டு" என்றான். காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு, அலை உடையும் சத்தத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பினாங்கு கடலு சத்தமே போடாது" என்றான். "இது வேற."

குப்பத்தில் ஓர் அம்மாள் மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். சோறும் மீனும் கேட்டேன். "அல்லாம் கீது, குந்து நைனா" என்று சொல்லிவிட்டு, தானே இலையோடு பாறைக்கு எடுத்து வந்தாள். கரீமின் கையைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இலை போட்டாள்; அவனுக்கு முள் எடுத்துப் போட்டாள். மீன் உப்பும் மிளகாயுமாக அவ்வளவு நன்றாக இருந்தது. தண்ணீரை ஓர் அலுமினியச் செம்பில் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திருப்பி நீட்டியபோது பின்வாங்கிக்கொண்டாள்.

"செம்ப நீங்களே எடுத்துகினு போங்க" என்றாள். அவள் குரலில் வெட்கம் இருந்தது. "எங்கூட்டுக்காரு கேப்பாரு."

சாப்பிட்டு முடித்ததும் இரண்டாம் பாகத்தைப் பிரித்தேன். முதல் ஐந்தாறு அத்தியாயங்கள் நன்றாகவே போயின. முன்சீப்பின் பதவி போகிறது. தங்கையின் மகன் படித்துப் பெரியவனாகிறான். கரீம் பாறையில் தலை சாய்த்துக்கொண்டு, முகவாயைத் தூக்கி, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாங்கிக்கொண்டிருந்தான். "உம்" கொட்டினான். நடுவில் ஒரு தடவை, "இது ஜவ்வு. தாண்டு" என்றான். தாண்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வாசித்ததில்லை.

ஒரு பக்கத்தைத் திருப்பினேன். கோயில் திருவிழா வருகிறது. தங்கை தேர் பார்க்கப் போகிறாள். வாசலில் பிச்சைக்காரர்கள் வரிசை. கண்ணுக்கு அந்தப் பக்கத்தின் அடிப்பகுதி முழுதும் ஒரே வீச்சில் தெரிந்துவிட்டது. வரிசையில் கடைசியாக முன்சீப் உட்கார்ந்திருக்கிறார். விரல்கள் இல்லை. செய்த துரோகமெல்லாம் உடம்பில் புண்ணாகப் பூத்துவிட்டது என்று எழுதியிருந்தது.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனுக்குத் தெரிந்துவிடும். "வரிசையின் கடைசியில் ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் களைப்பு இருந்தது. தங்கை அவனை அடையாளம் கண்டுகொண்டாள்" என்று என் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு போனேன்.

"நிறுத்து" என்றான் கரீம்.

"என்ன?"

"களைப்பு இருந்ததுன்னு இந்த ஆளு எழுத மாட்டான். எதையும் இழுக்காம இவனுக்குச் சொல்லத் தெரியாது. இது உன் வாக்கியம். பக்கத்தத் திருப்பினப்பவே மூச்ச இழுத்த." தலையைப் பாறையிலிருந்து எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். "உள்ள இன்னா கீதோ அத வாசி."

"வேண்டாம் கரீம்."

"வாசி."

வாசித்தேன். இரண்டு பக்கம் இருந்தது. புண், சீழ், ஈ எல்லாம் இருந்தன. ஊரார் பேசிக்கொள்வது இருந்தது. தங்கை அவன் சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டுவிட்டு, தெய்வம் நின்று கணக்குத் தீர்த்துவிட்டதென்று கைகூப்புவது இருந்தது. என் குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. அத்தியாயம் முடிந்தது. கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன, ஆட்கள் சத்தம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் பேசி முடித்த பிறகு பேசுகிறவன் என்று சொன்னேன். அன்றும் வெகுநேரம் கழித்துத்தான் பேசினான்.

"முதல் பாகத்துல அந்த முன்சீப்ப இன்னா பண்றதுன்னு தெரியாம இருந்தான். அது நல்லா இருந்தது. இதுல தெரிஞ்சே ஆவணும்னு ஆயிப்போச்சு. ஒண்ணும் தோணல. தோணாதப்ப என் வியாதிய எடுத்து அவனுக்குக் குடுத்துட்டான்."

"கெட்ட புத்தகம். தூக்கிப் போடலாம்" என்றேன்.

"கெட்ட புத்தகம் இல்ல வாத்தியாரே. அதுதான் கஷ்டம். கெட்ட புத்தகமா இருந்தா சிரிச்சிட்டுப் போவேன்." மணலிலிருந்து காலை எடுத்தான். "இங்க வந்த புதுசுல, யாருக்கு இன்னா துரோகம் பண்ணேன்னு யோசிச்சிகினே கெடப்பேன். ஒவ்வொரு வருசமா எடுத்துப் பாத்தேன். பெருசா ஒண்ணும் ஆம்படல. இது வெறும் கிருமின்னு டாக்டரு சொன்னாரு. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிகினு ஒரு வழியா நிறுத்தினேன். இப்ப மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்லணும்."

என்னிடம் இன்னொரு புத்தகம் இருந்தது. கட்டுரைகள், சிரிப்பூட்டும் வகை. அதை வாசிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். இனிமே எதையும் வேணாம். உள்ள இன்னா கீதுன்னு தெரியாம கேக்க மாட்டேன். கண்ணு இருந்தப்ப பிடிக்கலன்னா மூடி வெச்சிடலாம். காதுல விழுந்துட்டா எங்க போய் மூடறது?"

 திரும்பும்போது அதே வண்டிக்காரர் கூலிக்கு எங்களைத் திருக்கழுக்குன்றம்வரை கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து ஒரு குதிரை வண்டியை முழுதாகப் பேசிக்கொண்டு போனோம். இருட்டிய பிறகுதான் அவனை வார்டில் விட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் ஆர்வமாக, "மாபலிபுரத்துல இன்னா பாத்தீங்க?" என்று கேட்டார். "மீன் சாப்பிட்டேன்" என்றான் கரீம்.

மறுநாள் நான் கிளம்ப வேண்டிய நாள். காலையில் முதல் வேலையாகக் காதர் பாயின் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். உடம்பில் நோய் இல்லை, யாருக்கும் தொற்றாது, ஓர் அறை இருந்தால் போதும், செலவுக்குப் பினாங்கு நண்பர்கள் அனுப்புகிறோம் என்றேன்.

காதர் பாய் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "டாக்டரு சொல்லிட்டா ஊரு கேக்குமா, வாத்தியாரே? அவன் முகம் சொல்லுதே. பொண்ணுங்கள அனுப்பிட்டு அப்பறம் கூட்டிகினு வந்துடறேன். அல்லா மேல ஆணையா."

"அதுக்கு எத்தனை வருஷம் ஆகும்?"

 துடைத்த துணியாலேயே முகத்தை மூடிக்கொண்டார். பெரிய உடம்பு குலுங்கியது. அவரை வெறுக்கலாம் என்று எண்ணித்தான் போயிருந்தேன். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று. ஒரு டப்பாவில் பேரீச்சம்பழம் கட்டி, தம்பியிடம் கொடுக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கரீம் அதே பெஞ்சியில் இருந்தான். டப்பாவை மடியில் வைத்தேன். அண்ணனைப் பார்த்ததைச் சொல்ல வேண்டாம் என்றுதான் வந்தேன். அவனாகவே கேட்டான்.

"வூட்டுக்குக் கூட்டிகினு போகச் சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன்."

"அழுதானா?"

"அழுதார்."

"ஒவ்வொரு பெருநாளைக்கும் அழுவான். வூடே இல்லன்னு நான் டாக்டருகிட்ட எப்பவோ சொல்லிட்டேன். அவருதான் வர்றவங்ககிட்டல்லாம் வூட்டுக்கு அனுப்பணும்னு சொல்லிகினு கீறாரு." ஒரு பேரீச்சம்பழத்தை இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கொட்டையைத் துப்பினான். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"ஒரு காரியம் செய், வாத்தியாரே. எனக்கு என் முகம் தெரியாது. கண்ணு போறதுக்கு முன்னாலயே கண்ணாடி பாக்கறத விட்டுட்டேன். இங்க யாரைக் கேட்டாலும், 'உனக்கு இன்னாப்பா, நல்லாத்தான் கீற'ன்னு சொல்றாங்க. நீ எத்தினி புத்தகம் படிச்சவன். என்னைப் பாத்து, கீறத அப்படியே சொல்லு. நேத்து மாதிரி மாத்தினா எனக்குத் தெரியும்."

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். முந்தின நாள் நான் சொன்ன பொய்க்கு ஈடாக இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். புருவங்கள் இரண்டும் இல்லை என்று சொன்னேன். மூக்குத்தண்டு உள்ளே அமுங்கி, மூக்கு நுனி மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். காது மடல்கள் தடித்துத் தொங்குவதை, நெற்றியும் கன்னமும் மேடும் பள்ளமுமாக இருப்பதை, கண்கள் வெளுத்து, இமைகள் முழுக்க மூடாமல் ஓரத்தில் நீர் வழிந்துகொண்டிருப்பதைச் சொன்னேன். உதடு ஒரு பக்கம் இழுத்திருக்கிறது என்றேன். உன்னைத் தெருவில் பார்த்திருந்தால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது, குரல் மட்டும் மாறவில்லை என்றேன். வாக்கியங்களை எங்கும் இழுக்கவில்லை.

கரீம் முகவாயைத் தூக்கியபடி, நாவலைக் கேட்ட மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தான். நான் முடித்த பிறகும் அப்படியே இருந்தான். சாப்பாட்டு மணி அடித்தது. தோட்டத்திலிருந்தவர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் கண்ணாடியை எடுத்து, மடங்கிய விரல்களால் இரண்டு மூன்று தடவை முயன்று, காதில் மாட்டிக்கொண்டான்.

"நீ இன்னும் கொஞ்சம் குறைச்சுச் சொல்லுவேன்னு நெனச்சேன், வாத்தியாரே" என்றான்.

 பெஞ்சிக்குக் கீழே இருந்த அவனுடைய தட்டை எடுத்து அவன் கைகளில் வைத்தேன். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி, மற்றவர்கள் போன பக்கம் நடந்து போனான்.